ஜாவா வலைச்செயலிகளில் தரவுத்தள இணைப்பு அமைப்பு

ஜாவா மொழியில் எழுதப்பட்ட வலைச்செயலி தன் தரவுத்தளத்தை எந்த முகவரியில், எந்தப் பயனர் பெயரில், எந்தக் கடவுச்சொல்லைக் கொண்டு, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் வழியாக அணுக வேண்டும் என்பதை எழுதிவைக்கும் ஏற்பாடு. பெரும்பாலான செயலிகளில் இது பத்துப் பதினைந்து வரிகளைத் தாண்டாது. செயலி நின்றுபோகும் நாளில் முதலில் திறந்து பார்க்கப்படும் கோப்பும் இதுவே.

இணைப்பு முகவரிக்கு நிலையான வடிவம் உண்டு. ஜேடிபிசி என்ற முன்னொட்டு, தரவுத்தளத்தின் வகை, அது ஓடும் கணினியின் பெயர், போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர் என்ற வரிசையில் அது அமையும். போர்ட் எண் வழக்கமாக மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, ஆரக்கிளுக்கு 1521, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வருக்கு 1433. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் எழுத்துக் குறியேற்றம், நேரவலயம், பாதுகாப்பு முதலிய கூடுதல் குறிப்புகள் வரும். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இயங்கும் செயலிகளுக்குத் தனிச் சிக்கல்கள் எழுவது இந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால்தான்.

தோற்றம்

ஒவ்வொரு தரவுத்தள நிறுவனமும் தனக்கென ஒரு நிரலகம் வைத்திருந்த நிலையை மாற்ற, மைக்ரோசாஃப்ட் 1992இல் ஓடிபிசி என்னும் பொது இடைமுகத்தை வெளியிட்டது. 1995 மே மாதம் ஜாவாவை அறிவித்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அதே எண்ணத்தில் ஜேடிபிசியை வடிவமைத்து, 1997 பிப்ரவரியில் வந்த ஜேடிகே 1.1இல் சேர்த்தது. தொடக்கத்தில் ஜாவாவுக்கென்றே எழுதப்பட்ட டிரைவர்கள் குறைவு. ஓடிபிசி மேல் ஏறிச் செல்லும் ‘பாலம்’ ஒன்றையே பலர் நம்பியிருந்தனர். அந்தப் பாலம் 2014இல் வெளிவந்த ஜாவா 8இல் நீக்கப்பட்டது.

முதல் தலைமுறைச் செயலிகளில் முகவரியும் கடவுச்சொல்லும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டன. டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றி, டிரைவர்மேனேஜரிடம் இணைப்புக் கேட்டு, வேலை முடிந்ததும் மூட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய இணைப்பு. தரவுத்தளம் வேறு கணினிக்கு மாறினால் நிரலையே மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. மைஎஸ்கியூஎல்லுக்கு அன்று பரவலாக இருந்த டிரைவர், மார்க் மேத்யூஸ் தனிமனிதராக எழுதிய எம்எம்.மைஎஸ்கியூஎல். பின்னர் அவர் மைஎஸ்கியூஎல் நிறுவனத்தில் சேர, அந்த டிரைவர் கனெக்டர்-ஜே ஆனது. டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றும் வரி, 2006 டிசம்பரில் ஜாவா 6உடன் வந்த ஜேடிபிசி 4.0க்குப் பிறகு தேவையற்றதாகிவிட்டது. ஆனாலும் இன்றுவரை பாடப்புத்தகங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் அது நீடிக்கிறது.

டாம்கேட் காலம்

சன் நிறுவனம் 1999இல் தன் சர்வ்லெட் இயக்கியை அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளித்தது. அதிலிருந்து பிறந்த டாம்கேட் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குச் சிறு நிறுவனங்களின் நிலையான சர்வர் ஆனது. இக்காலத்தில்தான் இணைப்பு அமைப்பு நிரலைவிட்டு வெளியேறி எக்ஸ்எம்எல் கோப்பில் குடியேறியது. 1999 டிசம்பரில் வந்த ஜே2இஇ 1.2 இதற்கு முறையான வடிவம் கொடுத்தது. அதன்படி இணைப்பின் விவரங்களைச் சர்வர் வைத்துக்கொள்ளும். செயலி ஒரு பெயரை மட்டும் சொல்லி, ஜேஎன்டிஐ என்னும் பெயரேட்டின் வழியாக ‘டேட்டாசோர்ஸ்’ என்ற பொருளைக் கேட்டு வாங்கும். அலுவலகக் கணினியில் ஒரு தரவுத்தளம், வாடிக்கையாளரிடம் வேறொன்று என்றாலும் செயலி மாறாது.

ஏற்பாடு அழகானது, நடைமுறையில் எளிதாக இருக்கவில்லை. டாம்கேட் 4இல் சர்வர் கோப்பில் நீண்ட தொகுதியாக எழுதப்பட்ட விவரம், 5.5ஆம் பதிப்பிலிருந்து கான்டெக்ஸ்ட் கோப்பில் ஒரே குறிச்சொல்லாகச் சுருங்கியது. எனவே ஒரு பதிப்புக்கான விளக்கத்தைப் படித்து மற்றொன்றில் எழுதியவர்கள் தடுக்கி விழுந்தனர். டிரைவர் கோப்பைச் செயலியின் கோப்புறைக்குள் வைத்தால் போதாது. இணைப்புகளை உருவாக்குவது சர்வர் என்பதால் சர்வரின் ‘லிப்’ கோப்புறையில் வைக்க வேண்டும். முகவரியில் இரண்டு குறிப்புகளைப் பிரிக்கும் ஆம்பர்சேண்ட் குறியை எக்ஸ்எம்எல்லுக்குள் அப்படியே எழுதினால் கோப்பே படிக்கப்படாது. பெயரில் ஓரெழுத்து பிசகினால், வெற்றுப் பெயருள்ள டிரைவரை ‘நல்’ என்ற முகவரிக்கு உருவாக்க இயலவில்லை என்னும் பிழைச்செய்தி வரும். எங்கே தவறு என்று அது சொல்வதில்லை. அமைப்பு கண்ணில் படவே இல்லை என்பதுதான் அதன் பொருள். அதைத் தெரிந்துகொள்வதற்குள் பலருக்கும் ஒரு பகல் கழிந்துவிடும்.

இதே காலத்தில் கனெக்‌ஷன் பூல் என்னும் முறை நிலைபெற்றது. தரவுத்தளத்தோடு புதிய இணைப்பு ஏற்படுத்துவது செலவு மிக்க வேலை. பிணையத்தில் கைகுலுக்கல், கடவுச்சொல் சரிபார்ப்பு, நினைவக ஒதுக்கீடு எல்லாம் நடந்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனிச் செயல்முறையாகவே எழும்பும். ஆகவே சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்துவைத்து, கேட்பவருக்குக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது சிக்கனம். அப்பாச்சியின் டிபிசிபி 2002இல் வந்தது. சி3பி0, ப்ராக்ஸூல் என வேறு பூல்களும் இருந்தன.

டிபிசிபியின் இயல்பு எண் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் அதிகபட்ச இணைப்பு 8. காத்திருக்கும் நேரத்துக்கு எல்லையில்லை. ஒரு பக்கத்தின் நிரல், பிழை நேரும்போது மட்டும் இணைப்பை மூடாமல் வெளியேறுகிறது என்று கொள்வோம். அந்தப் பிழை எட்டாவது முறை நிகழும்வரை எந்த அறிகுறியும் இராது. அதன் பிறகு வரும் பயனரின் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். பிழைச்செய்தியும் வராது, பதிவேட்டில் ஒரு வரியும் விழாது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும், சில நாள்களில் மறுபடி நிற்கும். தினமும் விடியற்காலையில் டாம்கேட்டை மறுதொடக்கம் செய்யும் வழக்கம் பல அலுவலகங்களில் வேரூன்றியதற்கு இந்தக் கசிவு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. 2011இல் ஜாவா 7 கொண்டுவந்த தானாக மூடும் ‘ட்ரை’ அமைப்பு இதை நிரலளவில் பெரிதும் குறைத்தது.

காலையில் வெளிப்படும் இன்னொரு கோளாறு இதற்கு நேர்மாறானது. மைஎஸ்கியூஎல், 28,800 நொடிகள், அதாவது 8 மணி நேரம், பேச்சுமூச்சின்றிக் கிடக்கும் இணைப்பைத் தானே துண்டிக்கும். மாலை 6 மணிக்கு மூடிய அலுவலகம் காலை 8 மணிக்குத் திறந்தால், பூலில் இருப்பவை அனைத்தும் இறந்த இணைப்புகள். பூலுக்கு அது தெரியாது. முதலில் வந்து நுழைபவருக்குப் பிழை, அடுத்தவருக்கும் பிழை, சற்று நேரத்தில் எல்லாம் சீர். இதற்கு மருந்து, இணைப்பைக் கொடுக்குமுன் ஒரு சிறு வினவலை ஓட்டிப் பார்ப்பது. ‘செலக்ட் 1’ என்று எழுதினால் போதும். ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் ‘டூவல்’ என்ற அட்டவணையின் பெயரும் சேர வேண்டும். தானாக மீண்டும் இணைந்துகொள்ளும் குறிப்பை முகவரியில் சேர்ப்பது சுருக்குவழி என்று பலர் கொண்டாலும், நடுவழியில் நிற்கும் பரிவர்த்தனையைக் குலைக்கும் என்பதால் மைஎஸ்கியூஎல் ஆவணமே அதைப் பரிந்துரைக்கவில்லை.

2014இல் வந்த டாம்கேட் 8, டிபிசிபியின் இரண்டாம் பதிப்புக்கு மாறியது. ‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்ற பெயர் ‘மேக்ஸ்டோட்டல்’ ஆனது. பழைய பெயரில் 100 என்று எழுதியிருந்த கோப்பைப் புதிய சர்வர் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த 100 புறக்கணிக்கப்படுகிறது, இயல்பு எண் 8 மட்டுமே என்று பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதிவைக்கும். அதைப் படிக்காதவர்கள், புதிய சர்வர் பழையதைவிட மெதுவானது என்று முடிவுகட்டினர்.

தமிழகத்தில் ஜாவாவைக் கொண்டே பெரிய அளவில் மென்பொருள் படைத்த அட்வென்ட்நெட், 1996இல் தொடங்கி 2009இல் ஜோஹோ என்று பெயர் மாறியது. அதன் மேனேஜ்எஞ்சின் வரிசைத் தயாரிப்புகள் தரவுத்தளத்தைத் தம்முடனேயே சுமந்து வரும். இணைப்பு விவரம் ‘கான்ஃப்’ கோப்புறையில் தனிக் கோப்பாக இருக்கும். இலங்கையில் 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2, டாம்கேட்டின் பூலைத் தன் தயாரிப்புகளுக்குள் பயன்படுத்தியது.

தமிழ் எழுத்தும் இணைப்பும்

கோலாலம்பூரில் தமிழ் இணையம் 2001 மாநாடு நடந்தபோது தமிழ்க் கணினி உலகம் பல குறியேற்றங்களுக்கிடையே நின்றது. டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியேற்றங்களில் எழுதிய தமிழ், ஐரோப்பிய எழுத்து என்று எண்ணிக்கொண்டிருந்த இணைப்பின் வழியே பெரும்பாலும் சேதமின்றிப் போய்வந்தது. எழுத்துருவை மாற்றினால் திரையில் தமிழ் தெரியும். யூனிகோடுக்கு மாறியபோது இந்த வசதி போயிற்று. ஜாவா தொடக்கத்திலிருந்தே உள்ளுக்குள் யூனிகோடையே கையாளுகிறது. மைஎஸ்கியூஎல்லோ 2004இன் 4.1 பதிப்பில்தான் யுடிஎஃப்-8ஐ ஏற்றது, அப்போதும் இயல்புநிலை லத்தீன்-1. இரண்டுக்கும் நடுவே நிற்கும் முகவரியில் குறியேற்றத்தைச் சொல்லாவிட்டால் தமிழ் அங்கேயே அழிந்தது.

கோலாலம்பூரில் உள்ள ‘செந்தூல்’ என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ச, எகரக் குறி, ந, புள்ளி, த, ஊகாரக் குறி, ல, புள்ளி என எட்டு அலகு. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வோர் அலகுக்கும் 3 பைட் வீதம் 24 பைட். இணைப்பு லத்தீன்-1 ஆக இருந்தால் எட்டு அலகும் எட்டுக் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பெயர் போனது போனதுதான், மீட்க முடியாது. மாறாக, சேமித்தது யுடிஎஃப்-8 ஆகவும் படிப்பது மட்டும் லத்தீன்-1 ஆகவும் இருந்தால் 24 பொருந்தாத ஐரோப்பியக் குறிகள் தோன்றும். பார்க்க விகாரம், ஆனால் தகவல் பத்திரமாக உள்ளது. பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்க வேண்டியது, திரையில் கேள்விக்குறியா குப்பையா என்பதே. ஆரக்கிளில் 30 என்று அளவிட்ட பத்தி இயல்பாக 30 பைட்டைக் குறிப்பதால், தமிழுக்கு அதில் பத்து அலகே கொள்ளும். செந்தூல் மட்டுமே 24ஐ எடுத்துக்கொள்கிறது.

மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்-8 மூன்று பைட் வரையே பிடிக்கும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் 2019இல் யூனிகோட் 12.0 சேர்த்த தமிழ்க் கூடுதல் தொகுதி, மா, காணி, முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகளைக் கொண்டது. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். கோயில் கணக்கு, நிலப்பதிவு ஆகியவற்றை உள்ளபடி எண்மமாக்க விரும்புவோர் யுடிஎஃப்8எம்பி4ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018இன் மைஎஸ்கியூஎல் 8.0 அதையே இயல்புநிலை ஆக்கியது.

மலேசிய நேரம்

கனெக்டர்-ஜேயின் புதிய தலைமுறை, தரவுத்தள சர்வரின் நேரவலயத்தைப் பெயரால் அறிய முற்பட்டது. அறிய முடியாவிட்டால் இணைப்பையே மறுத்தது. நேரவலயத் தரவைப் பராமரிப்போர் 2017 வாக்கில், தாங்களே முன்பு இட்டிருந்த சுருக்கப் பெயர்களை விலக்கி எண்களை வைத்தனர். கோலாலம்பூரின் சுருக்கப் பெயர் ‘+08’ ஆனது. அந்த எண்ணை டிரைவர் ஒரு பெயராக ஏற்கவில்லை. அடையாளம் தெரியவில்லை அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட வலயங்களைக் குறிக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்து இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து ஆகிய மூன்றுக்கும் பொது என்பதால் இந்தியாவிலும் இத்தகைய சுருக்கங்களை நம்ப முடியாது. முகவரியில் நேரவலயத்தை ஆசியா, கோலாலம்பூர் என்று ஊர்ப்பெயரால் எழுதுவதே தீர்வு. பலர் அவசரத்துக்கு ‘ஜிஎம்டி கூட்டல் 8’ என்று எழுதினர். முகவரிக்குள் கூட்டல் குறி இடைவெளியாகப் படிக்கப்படும் என்பதால் அதையும் குறிமுறையில் மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஊர்ப்பெயர், ‘ஜிஎம்டி கூட்டல் 8’ இரண்டும் ஒன்றே என்றுதான் தோன்றும். 1982க்குப் பிறகு ஒன்றே. அதற்கு முன் அல்ல.

மலாயாவில் 1905 ஜூன் வரை கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 நொடி முன்னதான நேரம் வழங்கியது. பின் 7 மணி, பின் 7 மணி 20 நிமிடம். 1941 செப்டம்பரில் 7 மணி 30 நிமிடம் ஆனது. ஜப்பானியர் ஆட்சியில் கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு, 9 மணிக்கு, மாற்றப்பட்டன. போர் முடிந்ததும் 7.30 திரும்பியது. சபாவும் சரவாக்கும் 8 மணி நேரத்தில் இருந்தமையால், நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் கொண்டுவர 1982 புத்தாண்டில் தீபகற்பம் அரை மணி முன்னே நகர்ந்தது. சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது.

ஆகவே 1975 மே 10 அன்று செந்தூலில் பிறந்த ஒருவரின் அடையாள அட்டை எண் 750510 என்று தொடங்கி, கோலாலம்பூருக்குரிய 14 அடுத்து வரும். அவருடைய பிறந்தநாளை, ‘ஜிஎம்டி கூட்டல் 8’ என்று அமைத்த செயலி ஒன்று அந்நாளின் நள்ளிரவு என்ற நேரப்புள்ளியாகப் பதிந்து வைக்கிறது. அதை ‘கோலாலம்பூர்’ என்று முறையாக அமைத்த இன்னொரு செயலி படிக்கும்போது, 1975இல் இவ்வூரின் நேரம் 7.30 என்பது அதற்குத் தெரியும். அரை மணி பின்வாங்கி, மே 9 இரவு 11.30 என்று காட்டும். தேதியை மட்டும் அச்சிட்டால் மே 9. அதே பட்டியலில் 1983இல் பிறந்தவரின் தேதி சரியாக இருக்கும். மூத்தவர்களின் பிறந்தநாள் மட்டும் ஒருநாள் பின்வாங்கும் இந்தக் கோளாறு சோதனையில் சிக்குவது அரிது. சோதிப்பவர்கள் தம் பிறந்த தேதியையே தட்டிப் பார்ப்பார்கள், அவர்களோ இளையவர்கள். செயலி ஒரு குற்றமும் செய்யவில்லை. ஊரின் வரலாற்றை ஓர் அமைப்பு அறிந்திருந்தது, மற்றொன்று அறியவில்லை.

1982 நேர மாற்றம் நிகழ்ந்த கணம் குறித்து இருவேறு பதிவுகள் உண்டு. நேரவலயத் தரவு நெடுங்காலம் அதை 1982 ஜனவரி 1 நள்ளிரவு 12 மணி என்று கொண்டிருந்தது. அப்படியானால் அன்றைய நள்ளிரவு என்ற நேரமே கிடையாது, நாள் 12.30க்குத் தொடங்குகிறது. பழைய ஜாவாப் பதிப்புகளில் 820101 என்ற அடையாள எண்ணுக்குரியவரின் பிறந்த நேரம் 12.30 என்று காட்டப்படுவதன் காரணம் இதுவே. பின்னர் வந்த திருத்தம், 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரம் நேராக 12க்குச் சென்றது என்கிறது. இன்று பெரிதும் ஏற்கப்படுவது இக்கூற்று. இதன்படி அன்றிரவு 11.45க்குத் தீபகற்பத்தில் எவரும் பிறந்திருக்க இயலாது. 1970க்குப் பின் கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய இரு ஊர்களின் நேரமும் ஒன்றே என்பதால் 2022இல் அத்தரவில் கோலாலம்பூர், சிங்கப்பூரின் மாற்றுப்பெயர் ஆக்கப்பட்டது. இலங்கையும் 1996இல் இருமுறையும் 2006இல் ஒருமுறையும் நேரம் மாற்றியதால், அங்குள்ள பழைய பதிவுகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

கன்டெய்னரில் ஓடும் சர்வர் வழக்கமாகக் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். அமைப்பில் வலயத்தைச் சொல்லாவிட்டால் கோலாலம்பூரில் நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை பதியப்படுபவை முந்தைய நாள் கணக்கில் விழும். பிறந்தநாளுக்கு நேரப்புள்ளியே கூடாது, ஜாவா 8இன் ‘லோக்கல்டேட்’ போன்ற வெறும் தேதி வகைதான் பொருத்தம் என்பது இத்துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கருத்து.

பூலின் அளவு

பெரிய பூல் வேகமானது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான மேல்வரம்பு 151 இணைப்பு, போஸ்ட்கிரெஸுக்கு 100. ஐம்பது இணைப்புள்ள பூலோடு நான்கு சர்வர்களை நிறுத்தினாலே 200 ஆகிவிடும். செயலிகளின் கோப்புகளைத் தனித்தனியே பார்ப்பவருக்கு இந்தக் கூட்டல் புலப்படாது. 2013 அளவில் வந்த ஹிகாரிசிபி இந்நம்பிக்கையை வெளிப்படையாக எதிர்த்தது. அதன் ஆசிரியர் பிரெட் வூல்ட்ரிட்ஜ், போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தின் ஒரு வாய்பாட்டை எடுத்தாண்டார்: செயலிக் கருக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டு. பூலைச் சுருக்கியதாலேயே மறுமொழி நேரம் 100 மில்லிநொடியிலிருந்து 2 மில்லிநொடி ஆன ஆரக்கிளின் செய்முறைக் காணொளியையும் சான்று காட்டினார். சுழலும் வட்டுகள் மறைந்த பிறகு வாய்பாடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஹிகாரியின் இயல்பு எண் 10. 2018 மார்ச்சில் வெளியான, ஜாவாச் செயலிகளுக்கான சட்டகமான ஸ்பிரிங் பூட் 2.0 அதையே இயல்பான பூலாக ஏற்றது.

கடவுச்சொல்

கடவுச்சொல்லை மறைக்காமல் கோப்பில் எழுதுவது சரியா என்பது தீராத வாதம். அதைக் குறியாக்கம் செய்தால் திறவுகோலை எங்கேனும் எழுதியாக வேண்டும், எனவே சிக்கல் இடம் மாறுகிறதே தவிர தீர்வதில்லை என்பது டாம்கேட் குழுவின் நீண்டகால நிலைப்பாடு. கோப்பைத் திறக்கும் உரிமையை இறுக்குவதே முறை என்று அவர்கள் கூறுவர். தணிக்கையாளர்கள் இதை எளிதில் ஏற்பதில்லை. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர் 15 அன்று. தகவலைப் பாதுகாக்க நடைமுறை ஏற்பாடுகள் வேண்டும் என்று அது கோருகிறது. ஹெரோக்கு நிறுவனத்தார் 2011 அளவில் வகுத்த பன்னிரு நெறிகள், அமைப்பைச் சூழல் மாறிகளில் வைக்கச் சொல்லின. மூலநிரல் களஞ்சியத்தில் கடவுச்சொல் தங்கிவிடும் ஆபத்தை இது குறைத்தது. அந்த அளவில் இதன் பயன் மறுக்க இயலாதது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் ‘சீக்ரெட்’ இயல்புநிலையில் குறியாக்கம் அன்று, வெறும் எழுத்து மாற்றமே என்பதை அறியாமல் பயன்படுத்துவோர் உண்டு.

அண்மைக் காலம்

டேட்டாசோர்ஸைத் தேடித்தந்த ஜேஎன்டிஐ, 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரலகத்தின் பெரும் பாதுகாப்புக் குறையில் பேசுபொருளானது. ஜே2இஇயின் பிந்தைய வடிவமான ஜாவா இஇ, எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனபின், 2020இல் ‘ஜாவாஎக்ஸ்’ என்ற முன்னொட்டு ‘ஜகார்த்தா’ ஆனது. டேட்டாசோர்ஸ் அடிப்படை ஜாவாவைச் சேர்ந்தது என்பதால் அதன் பெயர் மாறவில்லை. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றியவர்களின் செயலி தொகுப்பிலேயே நின்றது. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இன் மெய்நிகர் இழைகள் ஆயிரக்கணக்கான வேலைகளை ஒரே நேரத்தில் நடத்த இடம் தருகின்றன. தரவுத்தளம் தாங்கும் இணைப்புகளின் எண்ணிக்கையை அவை மாற்றவில்லை.

சிங்கப்பூரில் உள்ள மேகச் சேவையை நம்பியிருந்த கிள்ளான் பள்ளத்தாக்கு நிறுவனங்களுக்கு, அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ஒரு வட்டாரத்தைத் திறந்தது. தரவுத்தளத்தை அங்கே மாற்றும் செயலியில் தரவை நகர்த்திய பின் திருத்த வேண்டியது இணைப்பு முகவரியில் உள்ள கணினியின் பெயர் மட்டுமே.